யி சுன்-சின்: வென்றது முன்யோசனையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் வெற்றிகளுக்குப் பெரிதும் காரணம் துணிச்சலா, முன்யோசனையா?' முன்யோசனையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மியோங்நியாங் போரைச் சொன்னார். 1597-இல் வெறும் 13 கப்பல்களோடு 133 ஜப்பானியப் போர்க்கப்பல்களை எதிர்த்தாரே, அது துணிச்சல் இல்லையா என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். மற்றக் கப்பல்கள் தயங்கிப் பின்தங்க, தளபதியின் கப்பல் மட்டும் தனியே நின்று சண்டை போட்டதே, அதை யார் மறுப்பார்? ஆனால் அந்த மனிதர் எந்த இடத்தில் நின்றார் என்பதை எதிரணி சொல்லவே இல்லையே!

ஜிண்டோ தீவுக்கும் கொரிய நிலப்பகுதிக்கும் நடுவே ஒரு நீரிணை, அதுதான் மியோங்நியாங். குறுகலான இடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர்தான் அகலம். நீரோட்டம் மூர்க்கமாகப் பாயும், நேரத்துக்கு நேரம் திசை மாறும். எத்தனை கப்பல் வந்தால் என்ன, ஒரே சமயத்தில் சிலவற்றால்தான் உள்ளே நுழைய முடியும். சின்னப் படை அந்த நீரிணைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது என்று, போருக்கு முந்தின நாளே தன் கப்பல்களை மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டார். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்திருக்கிறார். மறுநாள் நீரோட்டம் திரும்பியபோது நெருக்கியடித்து நின்ற ஜப்பானியக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 31 கப்பல்களை இழந்து திரும்பினார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளா அவர்?

சரி, ஆறு வருடம் பின்னால் போவோம். 1591-இல் யோசு துறைமுகத்தில் கடற்படைத் தளபதியாகப் பொறுப்பேற்கிறார். அப்போது போர் இல்லை. ஆனாலும் பீரங்கி வார்க்கிறார், ஆமை ஓடுபோல மேல்பக்கம் மூடிய 'ஆமைக் கப்பல்' கட்டுகிறார். போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்காத அதிகாரிகளுக்குப் பிரம்படி கொடுக்கிறார். 1592-இல் ஜப்பானியர் கொரியாமீது படையெடுத்து, பூசான் துறைமுகத்தில் வந்து இறங்குவதற்கு ஓரிரு நாள் முன்புதான் ஆமைக் கப்பலில் பீரங்கியைச் சுட்டுப் பார்த்து முடிக்கிறார்.

அதே ஆண்டு ஹன்சான் தீவுப் போர். ஜப்பானியருக்குத் துப்பாக்கியும், எதிரியின் கப்பலில் ஏறிக் குதித்து வாள் வீசுவதும் பலம். கொரியாவின் 'பானோக்சோன்' என்ற போர்க்கப்பலுக்கோ பீரங்கியும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய தட்டையான அடிப்பாகமும் பலம். ஆகவே எதிரியைக் கிட்டே விடக் கூடாது. பாறைகள் நிறைந்த ஒடுங்கிய கால்வாயில் மோதாமல், சில கப்பல்களைத் தூண்டிலாக அனுப்பி, எதிரியை அகன்ற கடலுக்கு இழுத்து வந்தார். கொக்கு சிறகு விரித்ததுபோல அணிவகுத்து மூன்று பக்கமும் வளைத்தார். வந்த 73 கப்பல்களில் 59 அழிந்தன அல்லது பிடிபட்டன.

1598-இல் நோரியாங் போரில் குண்டு பாய்ந்து உயிர் போகும் நேரத்திலும், தன் சாவை வெளியே சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டார். செய்தி பரவினால் படை கலையும் என்று அப்போதும் கணக்குப் போட்ட மனம் அது. சியோல் நகரத்துச் சதுக்கத்தில் அவர் வாளோடு நிற்கும் சிலை இருக்கிறது. நான் கும்பிடுவது, 2013-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த அவருடைய போர்க்கால நாட்குறிப்பை!

கடைசியாக ஒன்று. 1597-இன் தொடக்கத்தில், ஓர் இரட்டை உளவாளி கொடுத்த தகவலை நம்பி, ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க உடனே புறப்படு என்று அரசவை உத்தரவிட்டது. பொறி என்று சந்தேகப்பட்டு அவர் போகவில்லை. மன்னரை மறுக்க நெஞ்சுரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுக்கச் சொன்னது எது? அவருடைய கணக்கு! அதற்காகச் சிறை, சித்திரவதை, சாதாரணச் சிப்பாயாகப் பதவியிறக்கம். அவர் இடத்துக்கு வோன் கியூன் வந்தார். எல்லைச் சண்டைகளில் பேர் வாங்கியவர், கோழை இல்லை. மேலிடத்து நெருக்கடியில் அவர் முழுப் படையையும் கொண்டு போனார். சில்சோல்யாங் கடற்போரில் கொரியக் கடற்படை ஏறக்குறைய மொத்தமாக அழிந்தது. தப்பியவை 12 கப்பல்கள். அந்த மிச்சத்தோடு இன்னொரு கப்பலையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான், இரண்டே மாதங்களில், மீண்டும் தளபதியாக்கப்பட்ட யி சுன்-சின் மியோங்நியாங்கில் வென்றார்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பரே, யி சுன்-சின் வருடக்கணக்காகப் பழக்கிய படைதான் அது. அவர் சேர்த்து வைத்த கப்பல்கள்தான், பீரங்கிகள்தான். துணிச்சல்தான் காரணம் என்றால் சில்சோல்யாங்கில் அந்தப் படை ஏன் அழிந்தது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.