பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது, இனி பிள்ளைகள் படிப்பார்களா?

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் பையனின் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்களே சார், இனி பிள்ளைகள் படிப்பார்களா? இல்லை, இப்போதாவது பள்ளிக்கூடத்தில் மார்க்கை விட்டுவிட்டுப் பாடத்தைச் சொல்லித் தருவார்களா?"

அம்மா, அந்தத் தேர்வு ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். 2017 வரை பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பொதுத்தேர்வு வைத்தார்கள். புத்தகத்தைத் திறந்தார்கள், சரி. எதற்குத் திறந்தார்கள்? புக் பேக் கேள்விக்கும் ஒன் மார்க்குக்கும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் பொதுத்தேர்வு எழுதிப் பிள்ளைகள் களைத்துப் போனார்கள். 2025-26 முதல் பிளஸ் ஒன் தேர்வை எடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் தேர்வு இருந்தால்தான் நடத்துவோம் என்கிற பழக்கம் போகவில்லை. என் கவலை அதுதான்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். ஒரு பையன் பக்க இணைப்பு (ஒவ்வொரு பல்புக்கும் மின்சாரம் தனித்தனி வழியில் போகும் இணைப்பு) பற்றிய கேள்விக்குப் படம் போட்டு, சூத்திரம் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தான். "வீட்டில் ஒரு பல்பு போனால் மற்ற பல்பு ஏன் எரிகிறது?" என்று கேட்டேன். விழித்தான். சரி என்று இரண்டு டார்ச் பல்பு, ஒயர், பேட்டரி எல்லாம் கொடுத்தேன். முதலில் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் மாட்டினான். ஒரு பல்பைக் கழற்றினால் இரண்டும் அணைந்தன. ஒயரைப் பிரித்துப் பிரித்து மாட்டினான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மணி அடிக்கும் நேரத்தில் ஒரு பல்பைக் கழற்றினான், இன்னொன்று எரிந்துகொண்டே இருந்தது. "அப்ப நம்ம வீட்டுல எல்லாமே பக்க இணைப்பா சார்?" என்றான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஸ்லிப் டெஸ்ட் வைக்க முடியவில்லை. போர்ஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. ஆசிரியர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 25 மார்க்கை உண்மையாகவே செய்ய வைத்துப் போட்டாலே பாதிக் குறை தீரும்.

அப்புறம் உங்கள் பையன் விஷயம். அவன் நோட்டை எடுத்துப் பாருங்கள். இயற்பியல் நோட்டில் வெக்டர், நியூட்டன் விதிகள் இருந்தால் பிளஸ் ஒன் பாடம் நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே நிலைமின்னியல் என்று இருந்தால் பிளஸ் டூவுக்குத் தாவிவிட்டார்கள். வெக்டர் தெரியாத பிள்ளை அங்கே திணறும். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்வி வருகிறது. அதனால் தயங்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய், "பிளஸ் ஒன் பாடத்தை எப்போது நடத்துவீர்கள்?" என்று கேளுங்கள். தனியாகப் போகாமல், இன்னும் நாலு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.