காற்றுக்கும் வெயிலுக்கும் நேரம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்கு அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். மே முதல் செப்டம்பர் வரை நம் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். தை, மாசியில் அந்த வேகம் இருக்காது. வெயில் மின்சாரமோ மாலை ஆறு மணிக்குள் அடங்கிவிடும். நாம் விளக்குப் போடுவது அதற்குப் பிறகுதான். இந்த இடைவெளியை யார் செலவில் நிரப்புவது என்று தீர்மானிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிப்பதை மாநில ஆணையங்களின் பணிகளில் ஒன்றாக 2003 மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவு வைத்திருக்கிறது.

ஆணையத்தின் கையில் இருப்பதில் வலுவானது விலை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் கட்டண ஆணை, உயரழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்குக் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம் என்று வகுத்தது. அப்போது யூனிட் விலை 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. நடுப்பகலுக்குத் தள்ளுபடி இல்லை! ஒன்பது மணிக்கே வெயில் மின்சாரம் ஏறத் தொடங்கிவிடுகிறது. அந்நேரத்திலும் உச்ச விலை என்றால் ஆலை தன் வேலையை ஏன் பகலுக்கு மாற்றும்? வெயில் நேரத்து விலை வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2023 விதித் திருத்தம். அப்படிக் குறைத்தால் குளிர்பதனக் கிடங்கும் மின்வண்டி சார்ஜும் பகலுக்கு நகரும். ஆனால் நேரத்தைப் பிரித்துப் பதியும் மீட்டர் முதலில் வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு நேரவாரி விலையை அறிவித்துப் பயனில்லை.

அடுத்தது பேங்கிங். காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலை, ஆடியில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வாரியத்திடம் அதைப் போட்டு வைக்கப் பெட்டி எதுவும் கிடையாது; திருப்பிக் கொடுக்கும் நாளில் வேறெங்காவது வாங்கித்தான் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் சேர்த்த யூனிட்டை மாலை உச்ச நேரத்தில் எடுக்க விட்டால் நட்டம் மற்ற நுகர்வோர் தலையில் விழும். வசதியையே நிறுத்தினாலோ புதுக் காற்றாலை வராது. எந்த நேரத்தில் சேர்த்ததோ அதே நேரப் பிரிவில் எடுக்கலாம், உச்ச நேரத்தில் எடுத்தால் விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் என்று வகுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

எனக்கு மிகுந்த கவலை தருவது, ஓடும் காற்றாலையையோ சூரிய மின் நிலையத்தையோ நிறுத்தச் சொல்லும் உத்தரவு. மின்தடம் தாங்காதபோது நிறுத்துவதை ஏற்கலாம். வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தினால், அடுத்த திட்டத்துக்குக் கடன் தரும் வங்கி வட்டியைக் கூட்டும். தமிழ்நாட்டுச் சூரிய மின் நிலையங்கள் தொடர்பான வழக்கொன்றில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், காரணமின்றி நிறுத்திய காலத்துக்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தரச் சொன்னது. பணம் கைக்கு வர வழக்கு வரை போகக் கூடாது. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பிரிவாகப் பார்த்துத்தான் மின்சுமையைப் பங்கிடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மெகாவாட் குறைத்தார்கள், எதற்காக என்று மறுநாளே வெளியிட ஆணையம் கட்டளையிடலாம்.

நிலக்கரி நிலையங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுப்பகலில் அவை 55 சதவீதச் சுமைக்காவது இறங்கினால்தான் வெயிலுக்கு இடம் கிடைக்கும். இறங்கும்போது யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடும், கொதிகலன் குழாய்கள் சூடேறியும் ஆறியும் தேயும். அந்தச் செலவைக் கட்டணத்தில் ஏற்காவிட்டால் எந்த நிலையமும் மனமுவந்து இறங்காது.

கட்டண மனு வந்தால் அதை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே ஆணையம் முடிவெடுக்க வேண்டும். மனு கிடைத்த 120 நாளுக்குள் ஆணை வர வேண்டும் என்பது சட்டம். அடுத்த மனு வெளியாகும்போது நேரவாரிக் கட்டண அட்டவணையை எடுத்து, காலை 10 முதல் மாலை 4 வரை என்ன விலை என்று பாருங்கள். தள்ளுபடி இல்லையென்றால் காரணம் கேட்டு எழுதுங்கள்.