மலைக்குடிலில்தான் குடும்பம் ஒன்றாக இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு கழிக்கும் குளிர்கால விடுமுறைக்கு உகந்தது பனி சூழ்ந்த மலைக்குடிலா, எல்லா வசதியும் உள்ள விடுதியா? இதுதான் தலைப்பு. குடில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். குடிலில் வேலை அதிகம், அது கடைசியில் அம்மா தலையில்தான் விழும். பிள்ளைகளுக்குப் பொழுதே போகாது. அப்புறம், ஆள் அரவமில்லாத மலையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? மூன்றுமே நியாயமான கேள்விகள், ஒன்றைக்கூட நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், என் வாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஆமாம், குடிலில் வேலை அதிகம். வண்டி போகும் சாலை எங்கேயோ முடிந்துவிடும், மிச்ச தூரத்துக்குச் சாமான்களைச் சறுக்குப்பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு முழங்கால் அளவு பனியில் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் வாசலை மறைத்துப் பனி குவிந்து கிடக்கும், அதை வாரித் தள்ளினால்தான் கதவே திறக்கும். உள்ளே போனாலும் வெளியில் அடிக்கிற அதே குளிர்தான். குழாயில் தண்ணீர் வராது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது, குழாய் வெடித்துவிடும், அதனால் போன தடவை கிளம்பியவர்களே எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியானால் தண்ணீருக்கு எங்கே போவது? பனியைத்தான் உருக்க வேண்டும்.

இந்தப் பனி உருக்குகிற வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், செய்து பார்க்காதவர்களுக்கு இது புரியாது. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. அமுக்காமல் அள்ளினால் 10 லிட்டர் வாளிப் பனியில் ஒரு லிட்டர் தண்ணீர் தேறினாலே அதிகம். அதையும் வெறும் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. அடியில் உருகுகிற கொஞ்சம் தண்ணீரையும் மேலே இருக்கிற பனி உறிஞ்சிக்கொள்ளும், பாத்திரத்தின் அடி காய்ந்து தீய்ந்துபோய் அந்த வாடை தண்ணீரிலும் ஏறிவிடும். முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கிவிட்டு, அதில்தான் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அப்போதும் சீக்கிரம் ஆகாது. 0 டிகிரியில் இருக்கும் பனியை 0 டிகிரித் தண்ணீராக மாற்றச் செலவாகும் வெப்பம் இருந்தால், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். நாலு பேர் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும் என்றால் ஒருவர் வாளியோடு வெளியே போய் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒருவர் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் விறகு கொண்டுவர வேண்டும்.

இந்த வேலை எப்படி ஒருத்தி தலையில் மட்டும் விழும்? வீட்டில் விழுகிறது, அதை மறுக்கவில்லை. நானும் ஒரு பெண்தான், எனக்குத் தெரியாதா? வீட்டு வேலை கண்ணில் படாத வேலை. குடிக்கும்போது குடத்தில் தண்ணீர் இருக்கிறது, உடுத்தும்போது துணி துவைத்திருக்கிறது, யார் எப்போது செய்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே மற்றவர்களுக்கு வருவதில்லை. குடிலில் அப்படி முடியாது. வாளி காலியாக இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிகிறது. அடுப்பில் கட்டை தீர்ந்தால் அப்பாவுக்கும்தான் குளிர்கிறது. தன் உடம்பிலேயே உறைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே எழுந்து செய்கிறார்கள், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஒருத்தியையே வேலை வாங்குகிற குடும்பம் உண்டு என்று எதிரணி சொல்லும். சரி, அந்தக் குடும்பம் விடுதிக்குப் போனால் மட்டும் என்ன மாறப்போகிறது? பெட்டி அடுக்குவது அவள், மாத்திரை எடுத்து வைப்பது அவள், சின்னவனுடைய இன்னொரு காலுறையைத் தேடுவதும் அவள். அந்தக் குடும்பத்தின் அநியாயத்தைக் குடிலின் மேல் ஏற்றாதீர்கள்.

விடுதியில் என்ன நடக்கிறது? அறைக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைப்பேசி. அப்பாவுக்கு அலுவலக அழைப்பு வரும், பெரியவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் ஒரு மேசைக்கு வந்து கலைந்துவிடுவார்கள். இதற்கு யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் தேவைப்படாத இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் பிரிந்து உட்காருவார்கள். குடிலில் சூடான அறை ஒன்றுதான் இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் இருந்தாக வேண்டும். முதல் நாள் அது இடிக்கும், சண்டைகூட வரும். வரட்டுமே! கதவைச் சாத்திக்கொண்டு போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள இன்னொரு அறை இல்லாததால், சண்டை போட்ட இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவளை யாரும் அடுப்புப் பக்கமே விடுவதில்லை. குடிலுக்குப் போயிருந்தபோது அடுப்பு மூட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து, முதலில் அடுப்பின் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்தாள். புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனமாக இறங்கி அடைத்துக்கொண்டு நிற்கும், அப்படியே பற்றவைத்தால் புகை மொத்தமும் அறைக்குள் திரும்பிவிடும். அதனால் ஒரு காகிதத்தை முறுக்கிப் பற்றவைத்துப் புகைபோக்கியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் சுடர் மேல்நோக்கி இழுபட்டது. அப்புறம்தான் விரல் பருமனுள்ள சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பற்றவைத்தாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. அண்ணனும் அண்ணியும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள், ஆனால் "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது குச்சியில் நெருப்புப் பிடித்தது. அன்று ராத்திரி பெரிய கட்டையைப் போடலாமா என்று நான் கேட்டபோது, "இப்போது வேண்டாம் அத்தை, கங்கு இன்னும் நல்லா விழட்டும்" என்று சொன்னாள். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அவள் சொன்னதைக் கேட்டு நடந்தோம். பதினொரு வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு ஒரு குடும்பமே கட்டுப்படும் இடம் வேறு எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே?

பொழுது போகாது என்கிறார்கள். வில்சன் பென்ட்லி என்று ஒருவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பனி கொட்டும் ஓர் ஊரில் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. சிறுவயதில் அவருடைய அம்மா அவருக்கு ஒரு நுண்ணோக்கியைக் கொடுத்தார். அந்தப் பையன் அதில் பனித்துகள்களைப் பார்க்க ஆரம்பித்தான், 1885இல், இருபது வயதுகூட நிறையாதபோது, தனி ஒரு பனித்துகளைப் படம் பிடித்தும் விட்டான். வாழ்நாளில் 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் பென்ட்லி ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஒரு கறுப்புத் துணியை வெளியில் வைத்து நன்றாகக் குளிரவிட்டு, அதில் விழும் பனியைச் சாதாரணப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள், ஆறு முனைகளை எண்ணிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். காலையில் குடிலைச் சுற்றி முயலின் கால்தடம் இருக்கும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் போய் விழும், அதனால் தடத்தில் பெரிய கால்கள் முன்னால் இருக்கும். அது எந்தப் பக்கம் போனது என்று அப்பாவும் பிள்ளையும் வாதாடிக்கொண்டே தடத்தைப் பின்தொடர்ந்தால் காலைப்பொழுது அதிலேயே போய்விடும்.

இனி ஆபத்து. இதில் விளையாட்டே கிடையாது, மலை யாருக்காகவும் இரங்காது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வருடம் ஆளில்லாத குடிலுக்குப் போக வேண்டாம் என்று நானே சொல்வேன். மற்றவர்கள் போகலாம், ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் ஆபத்து வெளியில் இல்லை, அறைக்குள்தான் இருக்கிறது. விறகு சரியாக எரியாவிட்டாலோ, புகைபோக்கியைப் பனி அடைத்துவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அதற்கென்று கையடக்கமான எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, அது இல்லாமல் படுக்கக் கூடாது. கொட்டும் பனியில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தாலும் இதே கதைதான், பின்னால் புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளே வரும்.

அப்புறம் பனிச்சரிவு. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் அது புறப்படுகிறது, சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களோ தங்களோடு வந்தவர்களோ கால் வைத்ததால் கிளம்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள். ஆகவே கிளம்பும் முன் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பதும், அப்படிப்பட்ட சரிவின் மேலும் கீழும் போகாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. போகிற வழியையும் திரும்புகிற நாளையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடமென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேண்டும். சாலை அடைபட்டால் கூடுதலாகத் தங்குவதற்கு உணவும் மருந்தும் இருக்க வேண்டும். எதிரணித் தோழி கேட்டாரே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, அதற்கு இதுதான் என் பதில்.

நார்வேயில் 1967 ஈஸ்டர் விடுமுறையின்போது மலையில் 18 பேர் இறந்துபோனார்கள். அதற்காக அந்த நாட்டுக்காரர்கள் குடில்களைப் பூட்டிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த மலை விதிகளைத் திருத்தி, நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உரிய நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அந்த விதிகளில் ஒன்று. பாதி வழியில் காற்று மாறும்போது, ஆசையாக வந்த பிள்ளைகளிடம் "இன்றைக்குத் திரும்பிவிடலாம்" என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்கிறார்கள், காரணத்தையும் வானத்தைக் காட்டி விளக்குகிறார்கள். பெற்றோர் தோற்றுத் திரும்புவதைப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இதோ முடித்துவிடுகிறேன். அதே நார்வேயில் 1868இல் தொடங்கிய மலையேற்றச் சங்கத்துக்கு 500க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. பலவற்றில் காவலுக்கோ பணிக்கோ ஆள் கிடையாது. உறுப்பினர்களிடம் இருக்கும் ஒரே மாதிரியான சாவி அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறக்கும், தங்குபவர்கள் தாங்களே கணக்கெழுதிப் பணம் கட்டுவார்கள். கிளம்பும் முன் தரையைப் பெருக்கி, சாம்பலை அள்ளி, அடுத்து வருபவர்களுக்காக விறகு பிளந்து உள்ளே அடுக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் யாரென்றே தெரியாது, ஆனால் இருட்டில் நனைந்துபோய் வருகிற ஒரு குடும்பத்துக்கு அந்த விறகு எவ்வளவு முக்கியம் என்று, போன வாரம் அப்படியே வந்து சேர்ந்த பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: விடுதி அறையைக் காலி செய்யும்போது ஒரு பிள்ளை யாருக்காக, எதைச் செய்து வைத்துவிட்டு வெளியே வருகிறது?

நன்றி, வணக்கம்.