7 கிலோமீட்டர்னு நம்பி ஏறினேன்

வணக்கம் மக்களே. காத்துச் சத்தம் அதிகமா கேக்கும், பொறுத்துக்கோங்க. மைக் மேல என் குல்லாவைத்தான் மாட்டி வெச்சிருக்கேன். இப்ப மணி 11.15. நான் நிக்கிறேன்ல இந்த மேடு, இதுதான் உச்சின்னு கீழேருந்து நம்பிக்கிட்டே வந்தேன். ஏறி நின்னு நிமிந்து பாத்தா... இருங்க, கேமராவைத் திருப்புறேன். அதோ. இன்னொன்னு நிக்குது பாருங்க, எதுவுமே நடக்காத மாதிரி.

இதைப் பொய் உச்சின்னு சொல்வாங்க. அடியில இருந்து பாக்குறப்ப முன்னாடி இருக்கிற மேடு பின்னாடி இருக்கிற உயரத்தை முழுசா மறைச்சிடும். மேப்புல உயரக் கோடுகளை ஒழுங்கா பாத்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். நான் பாத்தது "7 கி.மீ."ங்கிற ஒரே ஒரு நம்பரைத்தான்.

மலையில கிலோமீட்டரை நம்பக்கூடாதுங்க. ஸ்காட்லாந்துல நைஸ்மித்னு ஒரு மலையேறி 1892ல ஒரு கணக்கு சொன்னார். இன்னைக்கும் ஆளுங்க அதைத்தான் வெச்சுக்கிறாங்க. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். எனக்கு 7 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏத்தம். கிட்டத்தட்ட 3 மணி நேரம் வருது. அதுவும் எங்கயும் உக்காராம நடந்தா. நான் காலைல 6.30க்கே கிளம்பிட்டேன், அப்ப 9.30க்கு உச்சியில இருந்திருக்கணும்.

ஏன் இல்லைன்னா, முதல் காரணம் நீங்கதான்! நான் தனியா நடந்து போற மாதிரி ஷாட் வரும்ல, அதுக்கு ஸ்டாண்டை வெச்சிட்டு ஐம்பது அடி நடந்து, திரும்ப வந்து கேமராவை எடுத்துக்கிட்டு, மறுபடி அதே ஐம்பது அடியை நடக்கணும். இந்த மலையில பாதியை நான் மூணு தடவை நடந்திருக்கேன்.

ரெண்டாவது காரணம் நடுவுல நான் பாத்த ரெண்டு விஷயம். 7.30 மணி இருக்கும், ஒரு முகட்டு மேல போய்க்கிட்டிருக்கேன். முதுகுப் பக்கம் சூரியன், எதிர்ப் பள்ளத்துல மேகம் நிரம்பிக் கிடக்கு. திடீர்னு அந்த மேகத்து மேல ஒரு பெரிய ஆள் நிக்கிறான். கையைத் தூக்கினேன், அவனும் தூக்குறான். தலையைச் சுத்தி வானவில் மாதிரி சின்னதா ஒரு வளையம். என் நிழல்தாங்க அது! ஜெர்மனியில பிராக்கன்னு 1141 மீட்டர் மலை ஒன்னு இருக்கு. அங்க இது அடிக்கடி தெரியும்கிறதால பிராக்கன் பூதம்னே பேர் வெச்சிட்டாங்க. ரெண்டு பேர் பக்கத்துல நின்னாலும் வளையம் அவங்கவங்க தலையைச் சுத்தித்தான் அவங்கவங்களுக்குத் தெரியும். பேட்டரியை மாத்துறதுக்குள்ள மேகம் கலைஞ்சிடுச்சு. நாலு செகண்ட் கிளிப்தான் இருக்கு, அதையே நிறுத்தி நிறுத்திப் போடுறேன்.

அப்புறம் அந்த அருவி. பாதையில இருந்து விலகிப் போகணும். காலை வெயில் நேரா அதுமேல விழும்னு உச்சியை விட்டுட்டு முதல்ல அங்க போனேன். ஒன்றரை மணி நேரம் போயிடுச்சு. தண்ணி விழுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பாறை மேல காலை வெச்சேன், பச்சைப் பாசி கூட இல்ல, வெறும் கறுப்பு ஈரம்னுதான் நெனச்சேன். சோப்பு மேல வெச்ச மாதிரி ரெண்டு காலும் போயிடுச்சு. முழங்கை தேஞ்சிருக்கு, இதோ. பச்சையா தெரியிற பாசியைப் பாத்தா நாமளே ஒதுங்கிடுவோம், இந்தக் கறுப்புதான் ஆளை ஏமாத்துது. இன்னொன்னு, தெளிஞ்ச தண்ணி கலங்கலா மாறி, இலையும் குச்சியும் அடிச்சிக்கிட்டு வந்தா, சத்தமும் கூடினா, வீடியோ எடுக்காதீங்க, மேட்டுக்கு ஏறுங்க. மேல எங்கயோ மழை கொட்டியிருக்கும், உங்க தலைக்கு மேல வானம் நீலமாவே இருக்கும். பனி மலையில மழையே வேண்டாம், வெயில் போதும். காலைல முழங்கால் அளவு தாண்டின ஓடை சாயங்காலம் தொடை வரைக்கும் வந்திடும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். எதிர்ல இருக்கிற உச்சிக்கு 60 மீட்டர் இறங்கி 150 மீட்டர் ஏறணும். இந்தக் காலை வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வர்றப்ப அந்த 60 மீட்டரையும் ஏறியாகணும், அதை யாரும் கணக்குல சேக்குறதே இல்ல. கீழ பாருங்க, சரிவு சூடாகி ஈரக்காத்து மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு, மேகம் பாதி மலை வரைக்கும் வந்தாச்சு. பாதையை மறைச்சா அடையாளக் கல்லு கூட தெரியாது. 12 மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடுவேன், 4 மணிக்குள்ள ஃபோன் வரலைன்னா ஆள் அனுப்புன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன். தனியா வர்றவன் அந்த நேரத்தை மீறக்கூடாது.

அதனால திரும்புறேன். வருத்தமான்னு கேட்டா, ஆமா, வருத்தம்தான். கண்ணுக்கு முன்னாடி நிக்குதே. உச்சியை முடிச்சிட்டு அருவிக்குப் போயிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும், வெளிச்சம் கொஞ்சம் சுமாரா இருந்திருக்கும், அவ்வளவுதான். தம்ப்நெயில்ல "உச்சியைத் தொட்டேன்"னு போட மாட்டேன், பயப்படாதீங்க.

விசில் கழுத்துல இருக்கு. ஆபத்துன்னா நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதணும். முழங்கால் ஏறுறப்ப சும்மா இருந்துச்சு, இறங்குறப்பதான் பேச ஆரம்பிக்கும். கேமராவை உள்ள வைக்கிறேன் மக்களே, குச்சியைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்.