சறுக்கத் தெரிந்த கைகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2006 ஜூலை 2ஆம் தேதி. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்குகிறது. முதல் சுற்றின் தொடக்க வளைவுகளிலேயே மெக்லாரன் அணியின் யுவான் பாப்லோ மோன்டோயா, தம் சொந்த அணி வீரரான கிமி ரைக்கோனனின் காரைப் பின்னாலிருந்து மோதிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து அறிவிப்பு வந்தது: அடுத்த ஆண்டு முதல் அமெரிக்காவின் நாஸ்கார் என்னும் ஸ்டாக் கார் பந்தயங்களில், சிப் கனாசியின் அணிக்காக ஓட்டப் போகிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயத்தில்கூட ஓட்டவில்லை.

பந்தய ரசிகர்கள் பலர் இதை இறங்குமுகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஃபார்முலா ஒன்னில் 7 வெற்றிகள் பெற்றவர், 1999இல் அமெரிக்காவின் கார்ட் (CART) என்னும் திறந்த சக்கரக் கார் தொடரின் பட்டத்தையும் 2000இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தையும் வென்றவர், கூரையும் கதவும் போட்ட கனமான கார்களை வட்டமடிக்கவா போகிறார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கும் ஏளனம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. உலகின் மிக வேகமான காரை ஓட்டியவருக்கு மற்ற எந்தக் காரும் எளிது என்று நினைப்பது, ஓட்டுவது என்ற வேலையையே புரிந்துகொள்ளாத பேச்சு.

இரண்டு கார்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார், ஓட்டுபவரையும் சேர்த்து ஏறக்குறைய 600 கிலோ. சக்கரங்கள் நான்கும் வெளியே தெரியும். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும். வேகம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். பின்சக்கரம் சுழன்று வழுக்காமல் கணினி பார்த்துக்கொள்ளும். கியர் மாற்ற ஸ்டீயரிங்கின் பின்னால் விரல் அசைந்தால் போதும்.

மோன்டோயாவுக்குக் கிடைத்த ஸ்டாக் கார், அதாவது சாதாரணச் சாலைக் காரின் உருவம் கொண்ட பந்தயக் கார், ஒன்றரை டன்னுக்கு மேல். எஃகுக் குழாய்களால் ஆன சட்டம், தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் தடி, நான்கே கியர்கள், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒற்றை அச்சு. எரிபொருளைக் கொடுப்பது கார்புரேட்டர். 2007இல் கார்புரேட்டர்! நாஸ்கார் அதை 2011 வரை வைத்திருந்தது. எஞ்சினுக்குச் சக்தி குறைவில்லை, 800 குதிரைத்திறனுக்கு மேலேயே வரும். ஆனால் அந்த எடைக்கும் அந்தச் சக்திக்கும் ஈடுகொடுக்கும் பிடிமானம் டயர்களில் கிடையாது. வளைவில் இந்தக் கார் நழுவிக்கொண்டேதான் போகும். அந்த நழுவலோடு குடித்தனம் நடத்துவதுதான் ஓட்டுபவரின் வேலை.

ஃபார்முலா ஒன் காரிலிருந்து நூற்றுக்கணக்கான உணர்கருவிகள் ஓடும்போதே தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். காரில் என்ன கோளாறு என்று ஓட்டுபவருக்கு முன்பே பொறியாளருக்குத் தெரிந்துவிடும். நாஸ்காரில் அன்றைக்குப் பந்தய நேரத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஓட்டுபவர் வானொலியில் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. முன்பக்கம் திரும்ப மறுத்தால் 'டைட்', பின்பக்கம் வழுக்கினால் 'லூஸ்'. அதை எந்த வளைவில், எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அடுத்த முறை கார் பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் டயரும் எரிபொருளும் மாற்றும் இடத்துக்கு, வரும்போது, பின்கண்ணாடியில் விட்டிருக்கும் துளைக்குள் நீண்ட ஸ்பானரை நுழைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தும் திருகை ஒருவர் அரைச்சுற்று திருப்புவார். மற்றவர்கள் டயரை மாற்றிப் பெட்ரோல் ஊற்றி முடிப்பதற்குள் அதுவும் முடிந்துவிட வேண்டும். தவறாகச் சொன்னால் தவறாகத் திருப்புவார்கள், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இதே காரில் ஊறியவர்களோடு போட்டியிட்டபடி, புதிதாக வந்தவர் இந்த உரையாடலைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் ஆண்டுக்கு 36 பந்தயங்கள், ஒவ்வொன்றிலும் 43 கார்கள்.

மோன்டோயா கற்றுக்கொண்டார். 2007 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சோனோமா தடத்தில், 32ஆவது இடத்திலிருந்து கிளம்பி, எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து முதலில் வந்தார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் நாஸ்காரின் உச்சப் பிரிவில் வென்றது 1974க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆனால் சோனோமா இடமும் வலமும் வளையும் தடம், அவருக்குப் பழக்கமான வகை. 2010இல் அவர் மறுபடி வென்ற வாட்கின்ஸ் கிளென்னும் அப்படித்தான். ஏழு முழுப் பருவங்கள் ஓட்டியும் நீள்வட்டத் தடத்தில் அவருக்கு வெற்றி வாய்க்கவில்லை. இண்டியானாபோலிஸ் 500 என்பதே நீள்வட்டத்தில் நடப்பது. அதை வென்றவர் அவர். ஆகவே தடத்தைக் குறை சொல்ல முடியாது.

அந்த வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்த நாள் ஒன்று உண்டு. 2009 ஜூலை 26, அதே இண்டியானாபோலிஸ். 160 சுற்றுகளில் 116 சுற்றுகள் மோன்டோயாவே முன்னணியில் இருந்தார். பந்தயத்தின் கடைசிக் கால்பகுதியில் பிட்டுக்கு வந்து போனார். பிட் பாதையில் வேக வரம்பு மீறல் என்று தண்டனை விழுந்தது. வரம்பு மணிக்கு 55 மைல், அதன்மேல் 5 மைல் சலுகை. அவருடைய கார் அந்த 60ஐ மயிரிழையில் தாண்டியிருந்தது. தாம் மீறவில்லை என்று வானொலியில் கொதித்தார். பயனில்லை. 11ஆவதாக முடித்தார்.

ஃபார்முலா ஒன் காரில் பிட்டுக்குள் நுழையும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் தானாகக் கட்டுப்படும். நாஸ்காரில் அன்றைக்கு அந்தப் பொத்தான் இல்லை, வேகம் காட்டும் மீட்டரே இல்லை. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள்தான் இருந்தது. பந்தயத்துக்கு முன் வழிகாட்டும் கார் பிட் வேகத்தில் எல்லோரையும் அழைத்துச் செல்லும்போது, இன்ன கியரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் கழித்து, வெற்றி கண்ணுக்குத் தெரியும் நேரத்திலும், அந்த முள்ளை அதே இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பதிவேட்டில் 11 என்று இருக்கும் அந்த ஓட்டத்தை, அவர் நாஸ்காரில் ஓட்டியவற்றிலேயே சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சரி, இந்த மாற்றத்தில் வென்றவர்களே இல்லையா? இருக்கிறார்கள். டோனி ஸ்டீவர்ட் திறந்த சக்கர இண்டி கார் பட்டத்தை வென்றுவிட்டு நாஸ்காருக்குப் போனார். 2002, 2005, 2011 என மூன்று முறை பட்டம் வென்றார். இதற்கு எதிர்ப்பக்கத்தில் டாரியோ ஃபிராங்கிட்டி. 2007இல் இண்டியானாபோலிஸ் 500, இண்டி கார் பட்டம் இரண்டையும் வென்ற கையோடு போனவர். மறு ஆண்டு டல்லடேகா தடத்தில் நடந்த விபத்தில் கணுக்கால் முறிந்தது. விளம்பரதாரர் கிடைக்காமல் அவர் ஓட்டிய கார் பருவத்தின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. இண்டி காருக்குத் திரும்பிவந்து 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றார். திறமை குறைந்தவர் இப்படி வெல்ல முடியாது.

இந்த இருவருக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் வளர்ந்த தடத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. ஸ்டீவர்ட் மண் தடத்தில் வளர்ந்தவர். சின்னஞ்சிறு கார்களை மண்ணில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டே பந்தயம் பயின்றவர். 1967இல் நாஸ்காரின் டேடோனா 500 பந்தயத்தை வென்ற மரியோ ஆண்ட்ரெட்டியும், 1972இல் வென்ற ஏ. ஜே. ஃபாய்ட்டும் அதே மண்ணில் தேறியவர்கள்தாம். ஃபிராங்கிட்டியும் மோன்டோயாவும் கோ-கார்ட்டில் தொடங்கித் தார்த்தடத்தில் வளர்ந்தவர்கள். சறுக்கினால் நேரம் போகும், பக்கத்துக் காரின் சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் ஆகாயத்தில் எழும் என்பது சிறுவயதிலேயே அவர்கள் கைகளுக்குள் இறங்கிவிட்டது. ஸ்டாக் காரில் உரசலும் சறுக்கலும் அன்றாட வேலை. மூளைக்கு ஒரு வாரத்தில் புரிவது கைக்குப் புரியப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனும் இந்தப் பாதையில் நடந்து பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 2005இல் ஜோர்டன் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனவர். 2010 மார்ச் 27ஆம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில், நாஸ்காரின் டிரக் பிரிவில் இறங்கினார். மேலே பிக்கப் வண்டியின் உருவம், அடியில் ஸ்டாக் காரின் உடம்பு. மார்ட்டின்ஸ்வில் தடம் அரை மைலுக்குச் சற்றே அதிகம். இரண்டு நேர்க்கோடுகள், அவற்றின் முனையில் கொண்டை ஊசி போன்ற இரண்டு வளைவுகள். பந்தயம் 250 சுற்றுகள். ஆக 500 முறை அந்தக் கனத்தைப் பிரேக் போட்டு அடக்கித் திருப்ப வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவருக்கு இது முற்றிலும் அந்நிய நிலம். முதல் பந்தயத்திலேயே 13ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு சில பந்தயங்களே ஓட்டியும், ரசிகர்களின் வாக்கில் அப்பிரிவின் மிகப் பிரபலமான வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2011இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மோன்டோயாவின் கதைக்கு இன்னொரு பகுதி இருக்கிறது. 2014இல் அவர் பென்ஸ்கி அணிக்காக இண்டி காருக்குத் திரும்பினார். மறு ஆண்டு இண்டியானாபோலிஸ் 500இல், தொடக்கத்திலேயே பின்னால் வந்த கார் மோதி அவருடைய காரின் பின்பகுதி சேதமடைந்தது. பிட்டில் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது 30ஆவது இடம். 2006இன் மோன்டோயாவாக இருந்தால் அடுத்த சில சுற்றுகளிலேயே பொறுமை இழந்திருப்பார் என்று நினைக்கிறேன். மோதலை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல், நீண்ட பந்தயத்தின் கடைசிப் பகுதிக்காகக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு காத்திருக்கும் வித்தையை அவர் ஸ்டாக் காரில்தான் பயின்றார். ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சில சுற்றுகளில் தம் அணியின் வில் பவரையும் முந்தி, நொடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார். முதல் வெற்றிக்கும் இதற்கும் நடுவில் 15 ஆண்டுகள். அவற்றில் ஏழு ஆண்டுகள் முழுவதும் நாஸ்காரில் கழிந்தவை.

நன்றி, வணக்கம்.