செய்தி போய்ச் சேர்ந்த பிறகு

அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது: உலக வளர்ச்சிக்குத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள், எத்தனை கோடிப் பேர் இணையத்துக்குள், எத்தனை கோடிப் பேர் வெளியே என்ற கணக்கோடுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி உள்ளே 550 கோடி, வெளியே 260 கோடி.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு பழையது. 1984 டிசம்பரில், அதே ஒன்றியம் அமைத்த மெய்ட்லண்ட் ஆணையம் ஓர் அறிக்கை எழுதி முடித்தது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் உள்ள தொலைபேசிகளைவிட டோக்கியோ என்ற ஒரு நகரத்தில் உள்ளவை அதிகம் என்றது அது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மனிதர்கள் எல்லாருக்கும் ஒரு தொலைபேசி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தது. அன்றைக்கு அது பேராசையாகத் தெரிந்திருக்கும். செல்போன் வந்து அந்த இலக்கைப் பெருமளவு எட்டிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், உலக வங்கியின் 2016 அறிக்கையின்படி, வளரும் நாடுகளில் மின்சாரமோ நல்ல தண்ணீரோ உள்ள வீடுகளைவிடச் செல்போன் உள்ள வீடுகள் அதிகம்.

இந்த வரியைப் பெருமையாகவும் படிக்கலாம், வயிற்றெரிச்சலோடும் படிக்கலாம். தண்ணீர் வராத வீட்டுக்குப் போன் மட்டும் வந்து என்ன ஆகப்போகிறது? இந்தத் துறையில் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, சரி. அதை வாங்கியவரால் அப்புறம் என்ன செய்ய முடியும்?

கேரள மீனவர்களை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் யார் பேசினாலும் அவர்கள் கதை வந்தே தீரும். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் மீனோடு கரைக்கு வந்தார்கள். வாங்க ஆளில்லை. பிடித்ததைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் வாங்க மீன் இல்லாமல் நின்றார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பதிவான காட்சி இது. 1997 தொடங்கி 2001க்குள் வடகேரளக் கடற்கரை நெடுகச் செல்போன் கோபுரங்கள் எழுந்தன. சிக்னல் கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மீனவர்கள் படகில் இருந்தபடியே நாலு இடத்துக்குப் போன் போட்டு, விலை கேட்டு, அதற்குப் பிறகு படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் நல்லது நடப்பது அடிக்கடி பார்க்கக் கிடைக்கிற காட்சி அல்ல. இத்தனைக்கும் மீனவர்களுக்கென்று யாரும் திட்டம் போடவில்லை, மானியமும் கொடுக்கவில்லை.

பெரும்பாலான மேடைகளில் கதை இந்த இடத்தில் முடிந்து கைதட்டல் வாங்கிவிடும். ஜானகி சீனிவாசன், ஜென்னா பரெல் என்ற இரு ஆய்வாளர்கள் கேரளக் கரைக்குத் திரும்பப் போய் 2013இல் எழுதியதை யாரும் சொல்வதில்லை. படகுக்கும் வலைக்கும் பலர் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் கொடுத்த தரகர் வழியாகத்தான் மீனை விற்றாக வேண்டும். அடுத்த கரையில் விலை அதிகம் என்று போன் சொல்லும். படகைத் திருப்புகிற சுதந்திரம் போனுக்குள் இல்லை. அதனால் ஜென்சன் சொன்னது பொய் என்று ஆகாது. நினைத்த கரைக்குப் போக முடிந்தவர்களுக்குச் செய்தி பணமாக மாறியது, முடியாதவர்களுக்கு அது வெறும் செய்தியாகவே இருந்தது. ஒரே கடல், ஒரே போன்.

அடுத்தது கென்யா. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2005இல் அங்கே ஒரு வெள்ளோட்டம் நடந்தது. நுண்கடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்போன் வழியாகக் கட்டலாமா என்று பார்ப்பதுதான் நோக்கம். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறை பணத்தில் ஒரு பங்கு போட்டது, வோடஃபோனும் கென்யாவின் செல்போன் நிறுவனமான சஃபாரிகாமும் நடத்தின. மக்கள் தவணை கட்டினார்கள். ஆனால் அதோடு நிற்காமல் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு, ஊரூராகப் போகும் வியாபாரிக்கு, இப்படி. பல திட்டங்களில் இதைத் 'தவறான பயன்பாடு' என்று குறித்துக்கொண்டு தடுத்திருப்பார்கள். இவர்கள் தவணையை ஓரமாக வைத்துவிட்டு, 2007 மார்ச்சில், வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற விளம்பரத்தோடு எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையைத் தொடங்கினார்கள்.

இதைச் செல்போன் அதிசயம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய அதிசயமாகப் படுவது கடைக்காரர்கள்தான். சாதாரணப் பட்டன் போனில் ஒரு மெனு, ஒரு குறுஞ்செய்தி, தொழில்நுட்பம் அவ்வளவுதான். கையில் இருக்கும் நோட்டை வாங்கிக்கொண்டு போனில் பணம் ஏற்றவும், போனில் வந்த பணத்துக்கு நோட்டை எண்ணிக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் முகவர். சின்னக் கடை, மருந்துக் கடை, ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். அவர் இரண்டு கையிருப்பு வைத்திருக்க வேண்டும்: கல்லாவில் நோட்டு, போனில் மின்பணம். நகரத்தில் போட வருகிறவர்கள் அதிகம், அதனால் மின்பணம் தீர்ந்துபோகும். கிராமத்தில் எடுக்க வருகிறவர்கள் அதிகம், அங்கே நோட்டு தீர்ந்துபோகும். தீர்ந்தால் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வங்கி உள்ள ஊருக்குப் போய்ப் பணம் மாற்றி வர வேண்டும். அந்தப் பயணமும், வழியில் பணத்தோடு போகும் பயமும் அவர் கமிஷனுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்த ஊரில் சேவை இல்லை, சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

ஆக, இந்த முகவர் வலையைக் கட்டியதுதான் உண்மையான வேலை. நாட்டில் உள்ள ஏடிஎம்களைப் போல 40 மடங்கு, சுமார் 1,10,000 முகவர்கள் வரை அது வளர்ந்தது. டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வும் முகவர் எங்கே பெருகினார், அங்கே குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்த்தது. 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமையிலிருந்து மேலே வந்தன என்பது அவர்கள் கணிப்பு. பெண்கள் தலைமையில் உள்ள குடும்பங்களுக்குப் பலன் கூடுதல். இந்தக் கணிப்பை மறுத்து எழுதியவர்களும் உண்டு. அதே வலை வழியாகப் பின்னால் உடனடிக் கடனும் புகுந்தது. நாலு பொத்தானை அழுத்தினால் கடன். அது வரமா சாபமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வாங்கிய கடனைப் பொறுத்தது, வட்டியைப் பொறுத்தது என்பேன். மேலே போனால் தனிப் பேச்சாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று. 2005 நவம்பர், துனிஸ் நகரம், தகவல் சமூகத்துக்கான உலக உச்சி மாநாடு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரபோன்டே பச்சை நிறத்தில் ஒரு குட்டி மடிக்கணினியை மேடையில் வைக்கிறார். 100 டாலர் விலை, ஒரு குழந்தைக்கு ஒன்று, மின்சாரம் இல்லாவிட்டால் கைப்பிடியைச் சுற்றினால் போதும். ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. சிரிக்க வேண்டாம், மாதிரிப் பொருளுக்கு அப்படி நடப்பதுண்டு. விற்பனைக்கு வந்தபோது கைப்பிடியும் இல்லை, 100 டாலரும் இல்லை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கணக்கிலோ மொழிப் பாடத்திலோ பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

ஏன்? பெட்டி போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக் கணக்கு எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பது போதவில்லை. பல பள்ளிகளில் இணையமே கிடையாது. முகவர் இல்லாத எம்-பெசா எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கென்டாரோ தொயாமா என்ற கணினி அறிவியலாளர் இந்தியாவில் பல ஆண்டு இத்தகைய ஆய்வுகளை நடத்தியவர். தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிற மனித ஆற்றலைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது என்பது அவர் முடிவு. முக்கால் பங்கு ஒப்புக்கொள்கிறேன். மீதிக் கால் பங்குக்கு வடகரைக் கடற்கரை சாட்சி. மீனும் இருந்தது, வியாபாரியும் இருந்தார், இருவரும் சந்திக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் போன் புதிதாகவே ஒன்றைச் செய்யும்.

பழைய கருவியைக் கேவலமாக நினைக்காதீர்கள் என்பதற்கு ஓர் உதாரணம். புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுப்பார்கள். அதைத் தமிழில் எழுதி ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். செயற்கைக்கோளில் ஆரம்பித்து ஒலிபெருக்கியில் முடிகிற சங்கிலி. கடைசிக் கண்ணிக்குக் கணினியும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். பக்கத்தில் நல்லவாடு என்ற ஊரிலும் அப்படி ஒரு மையம். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். இங்கே இருந்தவர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே ஓடியது. படகும் வீடும் போயின. 3,500க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். அந்தக் குழாயில் தினமும் வானிலையும் அலை உயரமும் கேட்டுப் பழகிய காதுகள் அவை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது ஒலித்திருந்தால், 'யாரோ விளையாடுகிறான்' என்று பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் தினசரிப் பழக்கத்துக்குத்தான் பணம் கிடைப்பதில்லை. புதிதாக ஆரம்பிக்கக் கொடுப்பார்கள், நடத்துவதற்குக் கொடுக்க மாட்டார்கள். உகாண்டாவில் செல்போன் வழி மருத்துவம் என்று ஆளாளுக்கு ஒரு சோதனைத் திட்டம் நடத்தி, ஒன்றோடொன்று பேசாத செயலிகள் குவிந்துபோய், 2012 ஜனவரியில் சுகாதார அமைச்சகமே போதும், நிறுத்துங்கள் என்று உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இதைவிடத் துணிச்சலான உத்தரவு வந்ததில்லை. இதற்கு மாறாக, இனவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் மாவட்ட மருத்துவக் கணக்குகளை ஒழுங்குசெய்ய ஆரம்பித்த ஒரு மென்பொருள், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் மெல்ல வளர்ந்து, டிஎச்ஐஎஸ்2 என்ற பெயரில் இன்று பல பத்து நாடுகளின் சுகாதார அமைச்சகங்களில் ஓடுகிறது. எத்தனை தடுப்பூசி, எத்தனை பிரசவம் என்ற கணக்குதான். அதை வைத்து யாரும் கண்ணைப் பறிக்கும் விளம்பரம் எடுக்க முடியாது.

இதுவரை மேலிருந்து மக்களுக்குப் போகிற செய்தியைப் பற்றியே பேசினேன். இன்னொரு திசையும் இருக்கிறது: மக்களிடமிருந்து மேலே போகிற தகவல். உதவி வாங்க வருகிறவரிடம் கைரேகை கேட்டால் அவரால் மறுக்க முடியுமா? வங்கதேச முகாம்களில் ரோஹிங்யா அகதிகளை 2018 முதல் வங்கதேச அரசும் ஐநா அகதிகள் ஆணையமும் சேர்ந்து பதிவு செய்தன. படம், கைரேகை, குடும்ப விவரம் எல்லாம் எடுத்தார்கள். பதிவு செய்தவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள், உதவிப் பொருள் வாங்க அது வேண்டும். 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஒரு விவரத்தை வெளியிட்டது. குறைந்தது 8,30,000 பேரின் விவரங்கள், திருப்பி அனுப்புவதற்கான சரிபார்ப்பு என்ற பெயரில் மியான்மர் அரசிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அதே அரசு. சம்மதம் கேட்டோம் என்றது ஆணையம். கேட்டதாகவே வைத்துக்கொள்வோம். அரிசிக்கு வரிசையில் நிற்பவர் சொல்லும் சரியை நான் சம்மதம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன்.

இந்த அரங்கில் மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு விவரத்தைக் கேட்கும் பெட்டியைப் படிவத்தில் சேர்ப்பது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. அது இல்லாவிட்டால் திட்டம் நின்றுபோகுமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் அந்தப் பெட்டி எதற்கு?

கடைசியாக, செயற்கை நுண்ணறிவு. அதைத் தொடாமல் இறங்கினால் விடமாட்டீர்கள் என்று தெரியும். பயிருக்கு என்ன நோய் என்று படம் எடுத்து அனுப்பினால் விவசாயியின் மொழியிலேயே பதில் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் வழி பெரிய கதவு. டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு 2006 வாக்கில் இந்தியாவில் வேறு விதமாக ஆரம்பித்தது. ஒரு விவசாயி செய்வதைப் படம் பிடித்து, பக்கத்து ஊர் விவசாயிகளைக் கூட்டி, சின்னத் திரையில் போட்டுக் காட்டி, நடுநடுவே நிறுத்திப் பேசவைத்தார்கள். படம் பார்த்தவர்கள் பலரும் முதலில் கேட்ட கேள்வி உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ அல்ல. இவர் யார், எந்த ஊர் என்பதுதான். தெரிந்த ஊர்க்காரர் என்றால் செய்து பார்ப்பார்கள். பலிக்கவில்லை என்றால் நேரில் போய்க் கேட்கலாம் அல்லவா!

போனில் பதில் சொல்லும் இயந்திரத்திடம் எந்த ஊர் என்று கேட்க முடியாது. அது சொன்ன மருந்தை அடித்துப் பயிர் கருகினால் நஷ்டம் யாருடையது, புகாரை எந்த மொழியில், யாரிடம் கொடுப்பது? இதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிற திட்டம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். நன்றி.