முத்தோரை பாலாடா மியூசியமும் எங்க அம்மாயி கூடையும்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பின்னாடி ஒரு இரைச்சல் கேக்கும், அது கேரட் கழுவுற மிஷின். கொஞ்ச நேரத்துல நின்னுடும்னு பாத்தேன், நிக்கல, அதனால அப்படியே பேசிடுறேன். நான் இப்ப நிக்கிறது முத்தோரை பாலாடா. ஊட்டியில இருந்து பத்து கிலோமீட்டர் வாக்குல வரும். ரெண்டு பக்கமும் படி படியா கேரட்டு, உருளைக்கிழங்கு, பூண்டு. சுத்திப் பாக்க வர்றவங்க வண்டி இந்தப் பக்கம் ரொம்பத் திரும்பாது. ஆனா பழங்குடியினர் ஆய்வு மையம் இங்கதான் இருக்கு. 1983-ல தொடங்கினது. அதுக்குள்ள ஒரு மியூசியம் இருக்கு. காலையில உள்ள போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல சுத்திட்டு இப்பதான் வெளிய வந்தேன். உள்ள நான் கேமரா எடுக்கல. அதனால இன்னைக்கு வீடியோவுல பேச்சுதான் அதிகம், பொறுத்துக்கங்க.

மியூசியம்னு நான் சொன்னதும் நிறைய பேர் மைசூர் ரோட்டுல இருக்கிற அரசு அருங்காட்சியகமான்னு கேப்பீங்க. அது வேற, 1989-ல வந்தது. கோத்தகிரி கன்னேரிமுக்குல ஜான் சல்லிவன் 1819-ல கட்டின பங்களா இருக்கு, அதுவும் வேற. அதுக்குத் தனி வீடியோ போடுறேன்.

இது ஆறு பழங்குடி மக்களுக்கான இடம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். நீங்க போனா அவசரப்படாம பாருங்க. இங்க இருக்கிறதுல ராஜா கிரீடம், சிம்மாசனம் எதுவும் கிடையாது. பானை, கூடை, அரிவாள், மணி, மாட்டுக் கொட்டகைச் சாமான், காதுல போடுறது, கையில போடுறது. வீட்டுல தினமும் புழங்குற பொருள்தான். எனக்கு இந்த இடம் பிடிச்சுப் போனதுக்குக் காரணமே அதுதான்.

தோடர் வீட்டை முதல்ல சொல்லிடுறேன். ஒரு பெரிய பீப்பாயை நெடுக்கா ரெண்டாப் பிளந்து கவுத்து வச்ச மாதிரி இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைச்சு, மேல புல்லு வேய்ஞ்சிருப்பாங்க. வாசல் எம்மாத்திரம் தெரியுமா? நம்ம இடுப்பு உயரம்கூட வராது. குனிஞ்சாப் பத்தாது, முட்டி போட்டுத் தவழ்ந்துதான் உள்ள போகணும். இந்த மலையில ஜூன், ஜூலையில அடிக்கிற காத்தையும் டிசம்பர்ல விழுற உறைபனியையும் பாத்தவங்களுக்கு அந்த வாசல் ஏன் அவ்வளவு சின்னதுன்னு சொல்லித் தர வேண்டியதில்ல.

அப்புறம் கோத்தர் பானை. நான் அதிக நேரம் நின்னது அங்கதான். கோத்தர்கள்ல இரும்பு வேலை, மர வேலை, வாத்தியம் வாசிக்கிறது எல்லாம் ஆண்கள் பாப்பாங்க. பானை செய்யறது பெண்கள். எங்க ஊர் பேரே கோத்தகிரி, அந்தப் பேர்லயே அவங்கதான் இருக்காங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அந்தப் பானையைப் பாக்கறப்ப, இது ஏதோ எப்பவோ முடிஞ்சு போன காலத்துப் பொருள்னு தோணும். அப்படி இல்ல. இந்தக் கைப்பழக்கம் இருக்கிற அக்காங்க, பாட்டிங்க இங்க இருந்து ஒரு பஸ் ஏறினா வர்ற தூரத்துல இருக்காங்க. மியூசியத்துல ஒரு பொருளைப் பாத்துட்டு, அதைச் செஞ்சவங்க வம்சத்துல ஒருத்தரை அதே நாள் சாயங்காலம் சந்தையில பாக்க முடியிற ஊரு நம்ம ஊரு. இதை நம்ம பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்லணும்.

ஒரு காலத்துல இந்தப் பானை எப்படி மலை முழுக்கப் போச்சுங்கிறதும் சுவாரசியமான விஷயம். கோத்தர் பானையும் அரிவாளும் மண்வெட்டியும் செஞ்சு தருவாங்க, சாவுக்கும் சடங்குக்கும் வந்து வாசிப்பாங்க. தோடர்கிட்ட இருந்து நெய்யும் எருமையும் வரும். இந்த மலையில விவசாயம் பண்ற படகர் வீட்டுல இருந்து தானியம். குறும்பர் தேன், மூங்கில் கூடைன்னு காட்டுப் பொருள் கொண்டு வருவாங்க. காசு புழங்காமலே நடந்துச்சு. இன்னார் வீட்டுக்கு இன்னார்னு தலைமுறை தலைமுறையா முறை வச்சிருந்தாங்க. 1937, 38-ல டேவிட் மாண்டல்பாம்னு ஒரு மானிடவியல் அறிஞர் வந்து கோத்தர்களைப் பத்தி ஆராய்ஞ்சு இதையெல்லாம் எழுதினாரு. அவர் வந்தப்பவே அந்த முறை தளர ஆரம்பிச்சிருந்துச்சு. கடையில தகரப் பாத்திரமும் வார்ப்பு மண்வெட்டியும் வந்தாச்சுல்ல.

சரி, இந்த மாதிரி புழங்குற பொருளை எல்லாம் எடுத்து வைக்கணும்னு இந்த மலையில எப்ப ஆரம்பிச்சாங்க? 1871-க்குப் போகணும். கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்காரங்க அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டாங்க. ஆதிகுடி மக்களோட ஆயுதம், நகை, துணிமணி, வீட்டுச் சாமான், விவசாயக் கருவி எல்லாம் சேத்து அனுப்புங்கன்னு. நீலகிரியில அந்த வேலை ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் கைக்கு வந்துச்சு. நீலகிரியோட முதல் கமிஷனர் அவர்தான். ஊட்டியில பிரீக்ஸ் ஸ்கூல்னு சொல்றோமே, அது அவர் பேர்தான்.

அவர் வீட்டுச் சாமானோட நிக்கல. மலை உச்சியில எல்லாம் வட்டமாக் கல்லு அடுக்கி வச்ச பழைய ஈமக்குழிகள் இருக்கும் பாருங்க, அதையும் தோண்டினாரு. உள்ள இருந்து மண்பானை வந்துச்சு. சாதாரணப் பானை இல்ல மக்களே. அடுக்கடுக்கா உயரமா எழும்புற பானை, அதுக்கு மூடி, மூடி மேல மண்ணுல செஞ்ச உருவங்கள். எருமை, யானை, சிறுத்தை, மயில், குதிரை மேல ஆளு. எருமை கழுத்துல மணி கட்டியிருக்கும். கூடவே வெண்கலக் கிண்ணம், தங்க நகை, இரும்புக் கத்தி, ஈட்டி முனை.

1872-ல பிரீக்ஸ் இறந்துட்டாரு. எழுதி வச்சிருந்ததை அவர் மனைவி சூசன் முடிச்சு 1873-ல புத்தகமாப் போட்டாங்க. அந்த அம்மா இல்லைன்னா எந்தப் பொருள் எந்தக் குழியில கிடைச்சதுங்கிற விவரமே நமக்கு இருந்திருக்காது. பிரீக்ஸ் பேரைச் சொல்றவங்க அவங்க பேரையும் சேத்துச் சொல்லணும்னு எனக்கு ஆசை.

பொருள் எங்க போச்சு? ஒரு பங்கு எழும்பூர் மியூசியத்துக்கு. ஒரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. போன வருஷம் சென்னை போயிருந்தப்ப எழும்பூர்ல அந்தப் பானையைப் பாத்தேன். சுத்தி எல்லாரும் வெயிலுக்கு விசிறிக்கிட்டு நிக்கிறாங்க, நான் மட்டும் எங்க ஊர் எருமையைப் பாத்துக்கிட்டு நின்னேன். தொண்டை அடைச்சிருச்சு. செத்தவங்களுக்குன்னு யாரோ பாசமா வச்சதை எடுத்தது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஒப்பல. எடுத்ததை எடுத்தாச்சு, அதோட பிரதியாவது இந்த மலையில ஒரு கூடத்துல வைக்கணும். இங்க பொறந்த பிள்ளைங்க அந்த எருமையைப் பாக்க மேட்டுப்பாளையம் இறங்கி, ரயில் ஏறி, ராத்திரி பூரா போக வேண்டியதில்ல.

தோடர் சால்வையைச் சொல்லாம விட்டா எனக்குத் தெரிஞ்ச ஒரு தோடர் அக்கா என்னைத் திட்டுவாங்க. பூத்துக்குளின்னு பேரு. வெள்ளைக் காடாத் துணியில சிவப்பு, கறுப்பு நூல். துணி மேல பென்சில் கோடு, அச்சு எதுவும் போட மாட்டாங்க. துணியோட இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஊட்டியில அந்த அக்காகிட்ட சின்னதா ஒரு பை வாங்கறப்ப, வழவழன்னு இருக்கிற பக்கத்தைக் காட்டி "அழகா இருக்கு அக்கா"ன்னேன். அவங்க திருப்பிப் போட்டு, நூல் முண்டு முண்டாத் தூக்கி நிக்கிற பக்கத்தைக் காட்டி, "எங்களுக்கு இதுதாம்மா நல்ல பக்கம்"னாங்க. கண்ணாடிப் பெட்டியில சால்வை இருந்தா, எந்தப் பக்கம் வெளிய தெரியுதுன்னு இப்ப நான் முதல்ல பாக்கறேன். பொருளுக்குப் பக்கத்துல எழுதி வைக்கிற சீட்டுல, செஞ்சவங்க வாயில வர்ற சொல்லும் இருக்கணும். "பருத்தித் துணி, பூவேலை"ன்னு மட்டும் எழுதினா இந்த விஷயம் எப்படித் தெரியும்?

இப்ப ஒண்ணு சொல்லணும், காலையில இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. நான் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். 1964-ல இந்தியாவும் இலங்கையும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, இலங்கையில இருந்த இந்திய வம்சாவளி மக்கள்ல அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கணும்னு கணக்குப் போட்டது, அந்தக் கணக்குல வந்தவங்க எங்க அம்மாயி. இலங்கையில அட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்தவங்க. 1974-ல தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தாங்க. எங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் 1968-ல அரசு தேயிலைத் திட்டம் தொடங்கினாங்க, இப்ப டான்டீன்னு சொல்றோம்.

இது பழங்குடியினருக்கான மியூசியம். எங்க சாமான் இங்க இருக்கணும்னு நான் கேக்கல, அது நியாயமும் இல்ல. இந்த மலை முதல்ல அவங்க மலை. ஆனா கோத்தர் பானை முன்னாடி நின்னப்ப எனக்கு வீட்டுல பரண் மேல கிடந்த அம்மாயி கூடை ஞாபகம் வந்துருச்சு. கொழுந்துக் கூடை. இப்ப தோட்டத்துல சாக்கும் கத்திரியும் வந்துருச்சு, கூடையை முதுகுல போட்டு, கயிறை நெத்தி மேல மாட்டி, ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா கையால கிள்ளுன தலைமுறை போயிக்கிட்டு இருக்கு. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. மூடிக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட்ல தாத்தா பேரும் குடும்ப எண்ணும் எழுதியிருக்கும். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரின்னு தோட்டத்துல வரிசையாக் கட்டின எத்தனை லைன் வீட்டுல இந்தப் பெட்டி இருக்கும்! அதுல அரிசி கொட்டி வச்சிருப்போம், பழைய துணி திணிச்சு வச்சிருப்போம். பழசு எடுக்கிறவர் வந்தா கிலோ கணக்குல போட்டுருவோம்.

தயவு செஞ்சு போடாதீங்க. அதுதான் இன்னைக்கு நான் கேக்கறது. வீட்டுல பெரியவங்க இருந்தா, அந்தப் பொருளை அவங்க மடியில வச்சு, என்ன பேரு, யார் வாங்கினது, எப்ப வந்ததுன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி அதோடயே கட்டி வைங்க. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா நான் சேத்து வைக்கிறேன். எந்தக் கூடத்துல வைக்கிறதுங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்.

நான் நேத்தே ஆரம்பிச்சுட்டேன். கூடையை இறக்கித் துடைச்சு, அம்மாயி முன்னாடி வச்சேன். எண்பத்திரெண்டு வயசு, கண்ணு சரியாத் தெரியாது. விளிம்பைத் தடவிப் பாத்துட்டு, "கூடை அங்க வாங்குனதுதான். கயிறு மட்டும் மூணு தடவை மாத்துனேன், எழுதிக்க"ன்னாங்க. எழுதிக்கிட்டேன்.

மழை தூற ஆரம்பிச்சுருச்சு, பஸ்ஸும் வர்ற நேரம். கன்னேரிமுக்குல பாக்கலாம் மக்களே.